பழி வன்தட்டு அணியின் மீதல்ல

தரவுத்தளச் சேவையகங்களில் மென்பொருள் ரெயிட்டை நம்பக்கூடாது, அதற்கெனத் தனி அட்டை வாங்கிப் பொருத்தியே ஆகவேண்டும் என்று கணினித்துறை நண்பர்கள் சிலர் இன்றும் அடித்துச் சொல்கின்றார்கள். இக்கருத்தில் எனக்கு உடன்பாடில்லை.

பல வன்தட்டுக்களை ஓர் அணியாகச் சேர்த்து, அவற்றுள் ஒன்று பழுதடைந்தாலும் தரவு தப்பும்படி செய்வதே ரெயிட். பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையே இப்பெயரைப் பரப்பியது. இவ்வேலையைத் தனி அட்டையும் செய்யலாம், லினக்ஸ் போன்ற இயங்குதளமே நேரடியாகவும் செய்யலாம். அட்டை பழுதானால் பெரும்பாலும் அதே வகை அட்டையைத் தேடி அலையவேண்டும். லினக்ஸ் அணியின் விபரமோ வன்தட்டுக்களிலேயே எழுதப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் பூட்டினாலும் வாசிக்கலாம்.

மென்பொருள் அணிக்குப் பலவீனமே இல்லை என்பதல்ல. ரெயிட் 5 முறையில் தரவு சில தட்டுக்களிலும், இழந்ததை மீட்க உதவும் கணக்கு இன்னொன்றிலும் எழுதப்படுகின்றது. எழுதும் நடுவில் மின்சாரம் நின்றால் ஒன்று புதியதாகவும் மற்றது பழையதாகவும் நின்றுவிடும். பின்னர் ஒரு தட்டுப் பழுதானால், பிழையான கணக்கிலிருந்து பிழையான தரவே மீளும். அவ்வேளை எவரும் தொடாத பழைய பதிவுகள்கூட இவ்வாறு கெடலாம். 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்ட நமக்கு இது வெறும் ஏட்டுச் சங்கதியன்று. பற்றரி பொருத்திய அட்டைக்கு இவ்விடத்தில் மேன்மை உண்டு. லினக்ஸிலும் இதற்கு மாற்றுவழி பின்னர் சேர்க்கப்பட்டது. எனினும் தரவுத்தளத்துக்கு ரெயிட் 1 அல்லது 10 என்ற இரட்டைப் பிரதி முறையே உகந்தது. பாதி இடம் போகும், போகட்டும்.

ஆனால் பேரழிவுகள் பெரும்பாலும் வேறு வாசலால் வருகின்றன. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர், துணைச் சேவையகம் என எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். அழிக்கும் கட்டளையையும் எந்த அணியும் எல்லாத் தட்டிலும் விசுவாசமாக நிறைவேற்றும். அன்றாடக் காப்புப்பிரதிகளோ மென்பொருட் பதிப்புப் பொருந்தாமையால் உருவாகவே இல்லை. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச்சேரவில்லை. வேறொரு தேவைக்காக 6 மணிநேரம் முன்பு எடுத்திருந்த பிரதியொன்றுதான் கைகொடுத்தது.

நான் முன்பு பணியாற்றிய பத்திரிகை அலுவலகமொன்றில் செய்திக் களஞ்சியம் இரட்டைத் தட்டில் இருந்தது. ஒரு தட்டுச் செயலிழந்தும் வேலை தடையின்றி நடந்ததால் மாதக்கணக்கில் எவருக்கும் தெரியவில்லை. மற்றையதும் போன பிறகே, விலகிச்சென்ற ஊழியர் ஒருவரின் மின்னஞ்சற் பெட்டியில் எச்சரிக்கைகள் வரிசையாகக் கிடப்பதைக் கண்டோம். அணி தன் கடமையைச் செய்திருந்தது. காப்புப்பிரதி எடுக்காததும், அந்த மடல்களைத் திறக்காததும் நாங்கள்தான். வெட்டி ஒட்டிய பழைய பத்திரிகை நறுக்குகளை வைத்து மீண்டும் தட்டெழுதத் தொடங்கினோம். பல ஆண்டுச் செய்திகள் இன்னும் திரும்பவில்லை.