பெயரில் ஜப்பான், கண்டுபிடித்தது வேலூர்

சித்தூருக்குக் கிழக்கே கங்காதர நெல்லூர். ஏரி, நெல் வயல், கரும்பு, வரப்பில் தவம் செய்யும் கொக்கு. தமிழக எல்லை பக்கத்தில்தான். இந்த வட்டார மக்களுக்குப் பெரிய நோய் என்று வந்துவிட்டால் எல்லையெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு பஸ் ஏறிவிடுவார்கள்.

1955-ல் அப்படி வந்தவர்களில் சில குழந்தைகள் டாக்டர்களைக் குழப்பினார்கள். கடும் காய்ச்சல், வாந்தி, வலிப்பு, பிறகு நினைவிழப்பு. வட ஆற்காட்டிலிருந்தும் பக்கத்து ஆந்திர மாவட்டங்களிலிருந்தும் வந்த குழந்தைகள். குழந்தைகள் மருத்துவரான வெப், இது கொசு போன்ற பூச்சிகள் பரப்பும் வைரஸின் வேலையாக இருக்கலாம் என்று சந்தேகித்தார். புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்தின் டெல்ஃபோர்ட் வொர்க்கும் ஷாவும் ரத்தத்தைச் சோதித்தார்கள். விடை: ஜப்பானிய மூளைக் காய்ச்சல். இந்தியாவில் மனிதர்களிடம் இந்நோய் அடையாளம் காணப்பட்டது அதுவே முதல் முறை. 1958-ல் இறந்தவர்களின் மூளைத் திசுவிலிருந்து வைரஸையே பிரித்தெடுத்தார்கள்.

பெயரைப் பார்த்து நோய் கப்பலேறி வந்தது என்று நினைக்க வேண்டாம். வைரஸை 1935-ல் முதலில் பிரித்தெடுத்தது ஜப்பானில், அவ்வளவுதான். 1952-ல் எடுத்த ரத்த மாதிரிகளிலேயே அது நம் நாட்டில் உலவியதற்குத் தடயம் இருந்தது.

உண்மையில் இது கொக்குக்கும் பன்றிக்கும் கொசுவுக்கும் இடையிலான விவகாரம். நெல் வயலில் தேங்கிய நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, கொக்கிடமும் பன்றியிடமும் வைரஸை வாங்குகிறது. பன்றியின் உடலில் வைரஸ் ஏராளமாகப் பெருகும். பெரும்பாலும் பன்றிக்கு ஒன்றும் ஆகாது. இந்தக் கொசுக்களுக்கு மாட்டு ரத்தம் மிகவும் பிடிக்கும். ஆனால் மாட்டிடம் வைரஸ் எடுபடாது. தொழுவத்து மாடு தன்னையறியாமல் வீட்டுக் குழந்தையைக் கொஞ்சம் காப்பாற்றுகிறது என்றே சொல்லலாம். மனிதன் இந்தச் சங்கிலியில் முட்டுச் சந்து. அவன் ரத்தத்தில் இன்னொரு கொசுவுக்குத் தொற்றும் அளவு வைரஸ் இருப்பதில்லை. தொற்றுக்கு ஆளாகிறவர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கடுமையாகிறது. ஆனால் அந்த ஒருவரின் பாடு மோசம். மூளை வீங்கியவர்களில் 30 சதவீதம் பேர் வரை இறக்கலாம். பிழைப்பவர்களிலும் பலர் பேச்சையோ நடையையோ அறிவுத் திறனையோ இழக்கிறார்கள்.

ஜெர்மனியிலும் இப்படியொரு முட்டுச் சந்துக் கதை உண்டு. சாக்சனியில் உள்ள போர்னா நகரில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் குதிரைப் படையின் குதிரைகள் மூளை அழற்சியால் மடிந்தன. ஊர்ப் பெயரே வைரஸுக்கும் வந்தது. அதைச் சுமப்பது ஒரு வகை மூஞ்சூறு. மனிதனுக்கு மனச்சோர்வு வருவதற்கும் போர்னாவே காரணம் என்று 1990-களில் பேசப்பட்டது. பின்னர் அந்தச் சோதனைகள் பலவற்றில் ஆய்வுக்கூட மாசு கலந்திருந்தது தெரிந்து பேச்சு அடங்கியது. ஆனால் 2018-ல் உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களிடம் நிஜமாகவே போர்னா சிக்கியது. அதன் பிறகு பவேரியாவில் பத்திரப்படுத்தியிருந்த பழைய மூளைத் திசுக்களைக் கிளறியபோது, காரணம் தெரியாமல் இறந்ததாக எழுதப்பட்டவர்களிடமும் அது இருந்தது. தேடாதவரை கிடைக்கவில்லை.

இந்தியாவில் தேட வைத்தது மரணங்கள்தான். 1973-ல் மேற்கு வங்கத்தின் பாங்குரா, பர்த்வான். 2005-ல் கோரக்பூரும் சுற்றுவட்டாரமும். ஆயிரத்துக்கு மேல் உயிர்ப்பலி. அதற்கடுத்த ஆண்டுதான் சீனத் தடுப்பூசி பெரிய அளவில் போடப்பட்டது. அதுவரை கசௌலியில் எலி மூளையிலிருந்து தயாரித்த ஊசிதான். அதுவும் போதிய அளவில் கிடையாது. வேலூரில் நோய் தெரிந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்த சுறுசுறுப்பு இது! 2013-ல் ஹைதராபாதின் பாரத் பயோடெக் கொண்டுவந்த தடுப்பூசிக்கு மூலம், சித்தூரை ஒட்டிய கோலாரில் 1980-களின் தொடக்கத்தில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த வைரஸ்.

தடுப்பூசி வந்ததும் கதை முடிந்துவிடவில்லை. 2003-ல் ஆந்திராவில் 329 குழந்தைகளுக்கு மூளைக் காய்ச்சல் வந்து 183 பேர் இறந்தபோது எல்லோரும் ஜப்பானிய வைரஸையே சந்தேகித்தார்கள். ஆய்வில் சிக்கியதோ சண்டிபுரா வைரஸ். மணல் ஈ பரப்புவது. 1965-ல் நாகபுரி அருகே கண்டுபிடித்த பிறகு பெரும்பாலும் மறக்கப்பட்டுக் கிடந்தது.

கோரக்பூரில் இன்னும் பெரிய திருப்பம். ஜப்பானிய வைரஸ் இல்லாத குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு இருந்தது ஸ்க்ரப் டைபஸ். புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணிகள் பரப்பும் பாக்டீரியா நோய். ஜப்பானிய மூளைக் காய்ச்சலைக் குணப்படுத்த மருந்து கிடையாது. இதற்கு உண்டு: டாக்சிசைக்ளின், அஸித்ரோமைசின். விலையும் அதிகமில்லை. தாமதமானால் மட்டும் பலிக்காது.

வேலூர், சித்தூர் பக்கம் ஸ்க்ரப் டைபஸ் அபூர்வமே அல்ல. நோய் முற்றியவர்களுக்கு இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று 2023-ல் நிரூபித்த ஆய்வை நடத்தியதும் வேலூர் மருத்துவர்கள்தான். பலருக்கு உண்ணி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்க்க எந்த டாக்டருக்கு நேரம் இருக்கிறது?