அமலைக்கு அடியில் ஆறு

மார்கழி பிறந்துவிட்டால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. தாமிரபரணியில் எங்கேயாவது ஒரு விரால் அடிப்பான் வந்து இறங்கியிருக்கும். வடக்கே குளிர்ந்த தேசங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, பனி தொடங்கியதும் தெற்கே வருகிற வேட்டைப் பறவை. கூழைக்கடாவைப் போலக் கூட்டமாக வராது, பெரும்பாலும் தனியாகத்தான் திரியும். பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை நீளும் ஆற்றில் அந்த ஒற்றைப் பறவையைத் தேடுவதென்றால் லேசுப்பட்ட காரியமில்லை. அந்தச் சிரமம் எனக்குச் சம்மதமே. ஆற்றைப் பார்க்கத்தான் மனம் பொறுக்கவில்லை.

விரால் அடிப்பானுக்கு மீனை விட்டால் வேறு இரை கிடையாது என்றே சொல்லலாம். தண்ணீருக்கு மேலே ஓரிடத்தில் சிறகடித்து நிற்கும். மீன் புரள்வது தெரிந்ததும் கால்களை முன்னே நீட்டிப் பாயும். முங்கும்போது நாசித் துவாரங்களை மூடிக்கொள்ளும். வழுக்குகிற மீன் நழுவிவிடாதபடி உள்ளங்காலில் முள் முள்ளாக இருக்கும். வெளிவிரலைப் பின்பக்கம் திருப்பி, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று விரல்களை வைத்து இறுக்கிப் பிடிக்கும். ஆனால் ஆழத்துக்குப் போகாது. மேல்மட்டத்தில் நீந்தும் மீன்தான் அதற்குச் சிக்கும். இத்தனை திறமை இருந்தும், மேலே இருந்து பார்க்கும்போது தண்ணீர் தெரியவில்லை என்றால் அது என்ன செய்யும்?

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். தண்ணீரை மூடிப் படரும் அமலைச் செடி மண்டிக் கிடக்கும் காலத்தில் நடந்தே அக்கரை சேர்ந்துவிடலாம் போலிருக்கும். ஊர்ச் சாக்கடை ஆற்றில் கலக்கிறது, அந்தச் சத்தைத் தின்று அமலை கொழுக்கிறது. ஆள் வைத்து அள்ளுகிறார்கள்தான். அள்ளியதை எங்கே போடுகிறார்கள்? அங்கேயே, கரையில். அடுத்த வெள்ளத்தில் அது மறுபடியும் ஆற்றுக்கே வந்து சேர்கிறது.

மேலே பாபநாசத்துக்குப் போனால் வேறொரு வேதனை. பரிகாரம் செய்கிறவர்கள் உடுத்தியிருந்த துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். படித்துறையை ஒட்டி, பாறை இடுக்கெல்லாம் வேட்டியும் சேலையும். பாவத்தைக் கழுவ வந்தவர்கள் அந்தத் துணியை யார் தலையில் கட்டிவிட்டுப் போகிறோம் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா?

பைனாகுலரோடு நிற்கிறவனைக் கண்டால், "என்ன சார் பாக்கிய? பாலம் கட்டப் போறாவளா?" என்று கேட்கிறார்கள். பறவை பார்க்கிறேன் என்றால் முகம் வாடிவிடுகிறது. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் விஷயம் தெரிந்தவர்கள் மேல்தான். இன்ன இடத்தில் பறவை இருக்கிறது என்று தகவல் கசிந்தால் போதும், பெரிய பெரிய கேமராக்களோடு வந்து கிட்ட கிட்ட நெருங்குகிறார்கள். பாடுபட்டுப் பிடித்த மீனை நிம்மதியாகத் தின்ன விடாமல் அதை விரட்டி எழுப்பிப் படம் எடுப்பதில் என்ன பெருமை?

அது மீனைத் தின்பதற்கு இலையில்லாத உயர்ந்த கொம்பாகப் பார்த்துத்தான் உட்காரும். கரையில் பட்டுப்போன மருதமரம் ஒன்று நின்றால், எதற்கும் ஆகாத மரம் என்று விறகுக்கு வெட்டிவிடுகிறார்கள். எதற்கும் ஆகாததா அது?

2011 முதல் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. விடியற்காலையில் பிள்ளைகள் குளத்துக்குக் குளம் போய் எண்ணிக் கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கைக் கையில் வாங்குகிறவர்கள், அதில் உள்ள பறவைகளுக்காக ஒரு சாக்கடையையாவது மறித்தார்களா?

தை பிறந்ததும் அமலையை அள்ளட்டும். அள்ளியதைக் கரையில் போடாமல் லாரியில் ஏற்றி அப்பால் கொண்டுபோகட்டும். பட்டமரத்தில் கோடாரி வைக்காதிருக்கட்டும். பங்குனிக்குள் அந்தப் பறவை வடக்கே கிளம்பிவிடும். இதற்கெல்லாம் இன்னொரு கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்க அவகாசமில்லை.