கடலடியின் கணக்கு யாருடைய சொத்து?

சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டு 10ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்டபோது, அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர் என்பதும், அதற்கான செலவு சுமார் 1,224 கோடி ரூபாய் என்பதும், போர்ட் பிளேர் தொடங்கிக் கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை அது சென்று தொடும் தீவுகள் இன்னின்னவை என்பதும் நாடெங்கும் விஸ்தாரமாகச் சொல்லப்பட்டன. ஆனால் இப்படி ஒரு கேபிளைக் கடலில் இறக்குவதற்கு முன்பே, கேபிள் எதையும் சுமக்காத வேறொரு கப்பல் அதே வழியில் மெல்ல ஊர்ந்து, அடித்தரையின் மேட்டையும் பள்ளத்தையும், சேற்றையும் பாறையையும் கணக்கெடுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது என்பதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்தக் கணக்கு அளந்து முடிந்த பிறகு யார் கைக்குப் போகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்பதே இங்கே என் நோக்கம்.

ஆழ்கடலில் கிடக்கும் கேபிள், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயின் பருமன்தான் இருக்கும். உள்ளே மெல்லிய கண்ணாடி இழைகள் சில, அவற்றைச் சுற்றி எஃகுக் கம்பியும் செம்பும், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாலிதீன் உறை. இந்த அற்பமான சாதனம் இருபத்தைந்து வருஷ காலம் பழுதின்றிக் கிடக்கவேண்டும் என்பது ஏற்பாடு. உலகக் கடல்களில் வருஷத்துக்கு 150 முதல் 200 வரை கேபிள் பழுதுகள் நேர்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் சுறாவும் அல்ல, சதிகாரரும் அல்ல, இழுவைமடிகளும் கப்பல் நங்கூரங்களுமே ஆகும். ஆகவே ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழம் வரையில், தரை இடங்கொடுக்கும் இடமெல்லாம், கலப்பையால் உழுது கேபிளைச் சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில் புதைக்கிறார்கள். அதற்கப்பால் அது தரைமேல் சும்மா கிடக்கிறது. அங்கே அதற்குச் சத்துரு சரிவுகளும் பள்ளத்தாக்குகளும், இரண்டு பாறை முனைகளுக்கு இடையே அது அந்தரத்தில் தொங்கி உராய்ந்து தேயும்படியான கரடுமுரடான இடங்களுமே.

சர்வே கப்பலில் தொடங்குவதில்லை, மேஜையில் தொடங்குகிறது. பழைய கடல் வரைபடங்கள், பூகம்பப் பதிவேடுகள், முன்னரே கிடக்கும் கேபிள்கள், எண்ணெய் எடுக்க ஒதுக்கிய பகுதிகள், கப்பல்கள் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் இடங்கள், மீனவர் வலைபோடும் பருவங்கள், எந்த இலாகாவில் எத்தனை அனுமதி வேண்டும் என்ற விவரம் ஆகிய அனைத்தையும் திரட்டி, காகிதத்தில் ஒரு கோடு போட்ட பிற்பாடுதான் கப்பல் புறப்படுகிறது; போன கப்பல் பல இடங்களில் அந்தக் கோட்டை அழித்து வேறு கோடு போட்டுக்கொண்டு திரும்புகிறது.

கப்பலின் அடிவயிற்றில் பொருத்திய எதிரொலிமானி, விசிறி விரித்தாற்போல நூற்றுக்கணக்கான ஒலிக்கற்றைகளை ஒரே சமயத்தில் கீழே அனுப்புகிறது. 3,000 மீட்டர் ஆழத்தில் அந்த ஒலி தரையைத் தொட்டுத் திரும்ப நான்கு விநாடி ஆகும். நான்கு விநாடி என்று சொல்வது எளிது. நீரின் வெப்பத்துக்கும் உப்புக்கும் தக்கபடி ஒலியின் வேகம் மாறுவதால், அந்த விநாடிகளை மீட்டராக மாற்றுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கோதாவரியும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் மேற்பரப்பில் படர்ந்து நிற்கும் வங்கக் கடலில் இது இன்னும் சிக்கலாகிறது. அவ்வப்போது ஒரு கருவியை நீருக்குள் இறக்கி ஒலியின் வேகத்தைப் புதிதாக அளந்துகொள்ளாவிட்டால், தட்டையான தரைகூடத் திரையில் இரு ஓரமும் மேல்நோக்கி வளைந்து காட்சியளிக்கும். அனுபவசாலியான அளவையாளர் அந்த வளைவைக் கண்ட மாத்திரத்தில், குற்றம் தரையில் இல்லை, தம் கணக்கில் என்று தெரிந்துகொள்வார்.

கரையை நெருங்க நெருங்க வேலை நுணுக்கமாகிறது. கயிற்றில் கட்டி நீருக்குள் இழுத்துச் செல்லும் சோனார், தரையின் ஒலிப் படத்தை நிழல்களோடு தருகிறது. மூழ்கிய படகு எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை அதன் நிழலின் நீளத்தைக் கொண்டு சொல்லிவிடலாம். இழுவைமடியின் பலகைகள் சேற்றைக் கீறிச் சென்ற தடங்களும் அதில் கோடு கோடாகத் தெரிவதுண்டு. அவை எவ்வளவு ஆழம் கீறியிருக்கின்றன என்று பார்த்துத்தான் கேபிளை எவ்வளவு ஆழத்தில் புதைப்பது என்று தீர்மானிக்கிறார்கள். இடையிடையே, தலையில் ஈயக்கட்டி ஏற்றிய நீண்ட குழாய் ஒன்றைத் தரையில் குத்தும்படி இறக்கி, சேற்றுத் தண்டு ஒன்றை மேலே எடுத்து, கப்பலின் தளத்திலேயே அறுத்துப் பிளந்து, மேலே குழகுழவென்றும் கீழே போகப் போக இறுகியும் இருக்கும் அந்த மண் கலப்பைக்கு இணங்குமா என்று சோதிக்கிறார்கள். இவ்வளவுக்கும் ஆகும் செலவு மொத்தத் திட்டச் செலவில் சொற்பப் பங்குதான். ஆயினும் கேபிளின் ஆயுள் அநேகமாக இங்கேயே நிச்சயமாகிவிடுகிறது.

சென்னையிலிருந்து கிழக்கே போகும் வழி அலாதியானது. கரையை ஒட்டிய ஆழமற்ற திட்டு சில பத்துக் கிலோமீட்டர்களிலேயே முடிந்து, தரை சட்டென்று சரிகிறது. தெற்கே புதுச்சேரி, கடலூர்க் கரைகளுக்கு எதிரே அந்தச் சரிவைப் பள்ளத்தாக்குகள் வெட்டிச் செல்கின்றன. சரிவின் அடிவாரத்தில் தொடங்குவது, இமயத்தின் மண்ணை ஆறுகள் கோடிக்கணக்கான வருஷங்களாகக் கொண்டுவந்து குவித்ததால் உண்டான, சுமார் 3,000 கிலோமீட்டர் நீளமுள்ள வங்க வண்டல் விசிறி. உலகத்திலேயே பெரிய கடலடி வண்டல் பரப்பு அதுதான். சமதளமாகத் தோன்றும் அந்தப் பரப்பிலும், சேற்று வெள்ளங்கள் அறுத்த கால்வாய்கள் கரைகட்டிக்கொண்டு வளைந்து வளைந்து ஓடுகின்றன. அதைக் கடந்தால், இந்தியத் தட்டு கிழக்கே அமிழும் எல்லையில் எழும்பி நிற்கும் அந்தமான் தீவுத்தொடர். 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் இவ்வெல்லை சுமார் 1,300 கிலோமீட்டர் தூரத்துக்குப் பிளந்தது; கிரேட் நிக்கோபாரின் தென்முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் வந்து நின்றது. அத்தகைய இடத்தில் பழைய படத்தை நம்பி யார் கேபிள் போடுவார்கள்? 1025ஆம் ஆண்டு வாக்கில் இராசேந்திர சோழனின் கப்பல்கள் கடாரம் சென்ற இந்தக் கடலின் காற்றையும் நீரோட்டத்தையும் நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். அடித்தரையை அறியவேண்டிய அவசியம் அவர்களுக்கு நேரவில்லை. நமக்கு நேர்ந்துவிட்டது.

இனி என் பிரதான விஷயத்துக்கு வருகிறேன். இவ்வாறு அளந்த கணக்கு, சாதாரணமாக, கேபிளுக்கு உரிய ஸ்தாபனத்தின் பெட்டகத்தில் போய் அடங்கிவிடுகிறது. பத்து வருஷம் கழித்து வேறொரு ஸ்தாபனம் அதே சரிவில் கேபிள் போட வந்தால், அது மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கிறது. உலகக் கடலடியில் நவீன முறைப்படி அளந்து பொதுப் படத்தில் சேர்த்திருப்பது இன்றைக்கும் நாலில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியிருக்கும் நிலையில், இந்த மறைப்பு எனக்கு நியாயமாகப் படவில்லை.

கடலடியைப் பற்றி மனிதன் அறிந்ததில் முக்கியமான ஒரு பகுதி கேபிள்காரர்கள் தங்கள் கணக்கைப் பிறரிடம் காட்டியதால் கிடைத்தது என்பதை இங்கே நினைவுகூர்வது தகும். அதற்கு முன் இருந்த அறிவு எவ்வளவு சொற்பம் என்பதற்கு இது சாட்சி: 1850களில் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த ஜான் புரூக், துளையிட்ட பீரங்கிக் குண்டைக் கம்பியில் கோத்து இறக்கி, தரையைத் தொட்டதும் குண்டு கழன்றுவிட, கம்பியின் நுனி மட்டும் ஒரு சிட்டிகை மண்ணோடு மேலே வரும்படி ஒரு யுக்தி செய்தார். அந்த முறையில் கிடைத்த விரல்விட்டு எண்ணத்தக்க அளவுகளைக்கொண்டு, அட்லாண்டிக்கின் நடுவே தந்திக்கம்பி போடுவதற்கென்றே அமைந்தாற்போன்ற பீடபூமி ஒன்று இருப்பதாக அதே கடற்படையின் மாத்தியூ மௌரி பிரகடனம் செய்தார். அங்கே இருந்ததோ மாபெரும் மலைத்தொடர். 1929 நவம்பர் 18இல் நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே பூகம்பம் உண்டானபோது பன்னிரண்டு தந்திக் கேபிள்கள் அறுந்தன. சரிவின் மேலே இருந்தவை உடனே அறுந்தன. கீழே சமவெளியில் இருந்தவையோ ஒன்றன்பின் ஒன்றாக, கடைசிக் கேபிள் பதின்மூன்று மணி நேரத்துக்குப் பிறகு, அறுந்துகொண்டே போயின. கேபிள் கம்பெனிகள் குறித்துவைத்திருந்த அந்த நேரப் பட்டியலை வைத்துக்கொண்டுதான், 1952இல் ஹீசன், யூயிங் என்ற விஞ்ஞானிகள், கடலடியில் சேற்று வெள்ளம் பாய்கிறது என்று எடுத்துக்காட்டினார்கள். இன்று அளவையாளர் கேபிளைப் பள்ளத்தாக்கின் வாய்க்கு விலக்கிக் கொண்டுபோவதற்கு ஆதாரம் அந்தப் பட்டியல்.

கணக்கை வெளியிடவேண்டும் என்பதற்கு ஆட்சேபம் சொல்கிறவர்கள் தேசப் பாதுகாப்பைக் காட்டுவார்கள். நீர்மூழ்கிக் கப்பலுக்குக் கடலடிப் படம் வேண்டும், ஆதலால் அதை வெளியிடுவது ஆபத்து என்பது அவர்கள் வாதம். அதில் உண்மையே இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இதே வாதம் முன்பும் பேசப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை ஆழ்கடல் அளவுகளை ரகசியமாக்கியபோது, ஹீசனும் அவருடன் பணிசெய்த மேரி தார்ப்பும் எண்களை விட்டுவிட்டு, மலையையும் பள்ளத்தையும் சித்திரமாக வரைந்து அட்லாண்டிக்கின் அடித்தரையை உலகுக்குக் காட்டினார்கள். பக்கத்து மேஜையில், கேபிள் பாதை தேடிக்கொண்டிருந்த பெல் ஆய்வுக்கூடத்துக்காக ஹோவர்ட் ஃபாஸ்டர் என்பவர் பூகம்ப மையங்களைப் புள்ளிவைத்துக்கொண்டிருந்தார். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது, புள்ளிகள் தார்ப் வரைந்த பிளவுப் பள்ளத்தாக்கிலேயே வரிசையாக விழுந்தன. கண்டங்கள் நகர்கின்றன என்ற கொள்கைக்கு அது பெரும் பலமாயிற்று. ரகசியத்தால் அந்நாட்டுப் பாதுகாப்புக்கு என்ன லாபம் கிடைத்தது என்பதைக் கடற்படையார்தான் சொல்லவேண்டும். மேலும், கேபிள் செல்லும் கோட்டை வெளியிடும்படி நான் கேட்கவில்லை. நங்கூரம் விழாதிருக்கும் பொருட்டு அது கப்பல்களின் வரைபடத்தில் ஏற்கெனவே குறிக்கப்படுகிறது. நான் கேட்பது ஆழத்தை மட்டும். அதையும் கடற்படை சல்லடையில் சலித்து, நுண்மையைக் குறைத்து வெளியிட்டால் போதும்.

அந்த ஆழக் கணக்கு விஞ்ஞானிகளின் ஆசைக்காக மட்டுமே வேண்டியிருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. சுனாமி அலையின் வேகத்தைத் தீர்மானிப்பது நீரின் ஆழமே. 3,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் அலை, கரையோரத்து ஆழமற்ற திட்டில் வேகம் குன்றி உயரம் கூடுகிறது. எந்த ஊரில் அதிகம் ஏறும், எந்த ஊரில் குறைவாக ஏறும் என்பதில் கரையின் அமைப்போடு கடலடியின் வடிவத்துக்கும் பங்குண்டு. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்ட உயிர்களை ஒரே காலைப்பொழுதில் இழந்த நாம், ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வைத்து நடத்துகிறோம்; அந்த மையத்தின் கணிப்புக்கு உதவக்கூடிய அளவு ஒன்று யாருடைய அலமாரியிலோ தூங்குகிறது என்றால் அதை என்னவென்று சொல்வது?

இன்னொரு குறையும் எனக்கு உண்டு. சென்னை காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிற மீனவர்களுக்கு, கரையோரக் கடலில் எத்தனை பாக ஆழத்தில் சேறு, எங்கே பார் என்னும் பாறைத்திட்டு இருக்கிறது, எந்த இடத்தில் வலை சிக்கிக் கிழியும் என்பது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். கோபுரத்தையும் மலை முகட்டையும் நேர்கோட்டில் பிடித்து இடம் குறித்த பெரியவர்களின் பிள்ளைகள் இன்று அதே இடங்களை ஜிபிஎஸ் பெட்டியில் பதிந்து வைத்திருக்கிறார்கள். சர்வே கப்பல் வரும்போது அவர்களுக்குப் போய்ச் சேர்வது, இத்தனாம் தேதி வரை விலகி நில்லுங்கள் என்ற அறிவிப்பு ஒன்றுதான். மேஜையில் கோடு போடும் கட்டத்திலேயே அவர்களில் நாலு பேரை அழைத்து உட்காரவைத்துக் கேட்டால், அளவையாளருக்குச் சில தினங்கள் மிச்சமாகும். பிற்பாடு எங்கே மடியிழுக்கக் கூடாது என்று சொல்லும்போது அவர்களும் முகங்கொடுத்துக் கேட்பார்கள். விசைப்படகு ஒன்றின் மடி கேபிளில் மாட்டிக்கொண்டால் நஷ்டம் இரு தரப்புக்கும்தானே.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023 ஜூனில் கடலடிக் கேபிள்களைப் பற்றிச் சர்க்காருக்கு விரிவான சிபாரிசுகளைச் செய்தது. அப்போது இந்தியக் கரையில் 14 நிலையங்களில் 17 சர்வதேசக் கேபிள்கள் வந்து ஏறின. நிலையங்கள் அமைந்த ஊர்களில் சென்னையும் தூத்துக்குடியும் உண்டு. 2022ஆம் ஆண்டின் தேசியப் புவியிடத் தகவல் கொள்கையோ, 2035க்குள் கடலடியின் துல்லியமான ஆழத் தகவல் வேண்டும் என்று குறிக்கோள் வைத்திருக்கிறது. ஒரு பக்கம் அந்தக் குறிக்கோள். மறுபக்கம், சர்வேக்கு அனுமதி கேட்டுப் பல இலாகாக்களின் வாசலில் நிற்கும் கேபிள் ஸ்தாபனங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது அப்படியொன்றும் கடினமான காரியமல்ல. அனுமதியைச் சீக்கிரம் கொடுங்கள். பதிலுக்கு, வேலை முடிந்து ஒரு வருஷத்துக்குள் ஆழக் கணக்கின் பிரதி ஒன்றை டேராடூனிலுள்ள தேசிய நீர்ப்பரப்பு அலுவலகத்தில் ஒப்படைக்கவேண்டும் என்று அனுமதிச் சீட்டில் நிபந்தனை சேருங்கள். அங்கே சலித்தெடுத்த பிரதி பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்தொழில்நுட்ப நிறுவனத்துக்கும், சுனாமி எச்சரிக்கை மையத்துக்கும், கேட்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போகட்டும். தனியார் ஸ்தாபனங்கள் தயங்குமானால், சர்க்கார் தன் வீட்டிலிருந்தே தொடங்கலாம்: அந்தமான் கேபிளுக்குப் பணம் வந்தது, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருமானத்திலிருந்து எல்லாருக்கும் சேவை கிட்டவேண்டும் என்பதற்காக வசூலித்த நிதியிலிருந்து. அந்தப் பாதையின் ஆழக் கணக்கை முதலில் வெளியிட, யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவேண்டியதில்லை.