ஒத்துவராத ரீடிங்குக்குத்தான் மதிப்பெண் வேண்டும்

வேதிப்பொறியியல் மாணவர்கள் எல்லோரும் செய்யும் வெப்பப் பரிமாற்றிச் சோதனையில், சூடான நீர் இழந்த வெப்பமும் குளிர்ந்த நீர் பெற்ற வெப்பமும் ஏறத்தாழச் சமமாக வர வேண்டும். பெரும்பாலும் வருவதில்லை. குழாயிலிருந்து வெப்பம் வெளியே போயிருக்கலாம், நீரோட்டத்தை அளக்கும் ரோட்டாமீட்டர் பிழையாகக் காட்டியிருக்கலாம், வெப்பநிலை நிலைபெறுமுன்பே ரீடிங் எடுத்திருக்கலாம். எது காரணம் என்று துருவுவதுதான் பொறியாளரின் வேலை. ஆனால் நம் கல்லூரிகள் பலவற்றில், மேனுவலின்படி செய்து எதிர்பார்த்த விடையை ரெக்கார்டில் எழுதும் குழுவே முழு மதிப்பெண் பெறுகிறது. எண்ணைத் திருத்தி எழுதப் பழக்கும் இந்த முறை மாற வேண்டும்.

இது வெறும் மதிப்பெண் விவகாரம் இல்லை. 2007 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் டி2 லேபரட்டரீஸ் ஆலை வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். உரிமையாளர்கள் ஒரு வேதியியலாளரும் ஒரு வேதிப்பொறியாளரும். 1 லிட்டர் கலனில் சோதித்த வினையைப் பல ஆயிரம் லிட்டர் உலைக்குக் கொண்டுபோனார்கள். முதல் 10 பேட்சுகளில் மூன்றில் வெப்பம் எதிர்பாராமல் எகிறியது. அதன் மூலகாரணத்தைத் தேடாமல் செய்முறையைச் சரிக்கட்டிக்கொண்டே போய், 42-வது பேட்சில் அளவையும் கூட்டினார்கள். 175-வது பேட்சில் குளிர்விப்பு செயலிழந்தது. உயர் வெப்பநிலையில், உலையிலிருந்த சோடியமும் கரைப்பானும் தமக்குள் வினைபுரிந்து உலையை உடைத்தன. அந்த மூன்று பேட்சுகளும் முன்கூட்டியே எச்சரித்திருந்தன. விசாரித்த அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம், வினை அபாயங்களைப் பட்டப்படிப்பிலேயே கற்பிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது கவனிக்கத்தக்கது.

வகுப்பில் படித்ததை உறுதிப்படுத்தத்தானே ஆய்வகம் என்று சிலர் கேட்கலாம். இயற்பியல் கல்வி ஆய்வாளர் நடாஷா ஹோம்ஸும் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமனும் அமெரிக்காவில் அந்த நோக்கத்தோடு நடந்த 9 இயற்பியல் ஆய்வக வகுப்புகளை ஆராய்ந்தார்கள். ஆய்வகத்தில் செய்த பாடங்களின் தேர்வுக் கேள்விகளில் மாணவர்களுக்குக் கூடுதல் பயன் ஏதும் தென்படவில்லை. அப்படியானால் அந்த நேரத்தைப் புலனாய்வுக்குக் கொடுப்பதால் பெரிதாக எதையும் இழக்கப்போவதில்லை. பருவத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சோதனைகளை ஓட்டி முடிப்பதைவிட ஐந்தாறை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் தரலாம்: முதல் வாரம் அளந்து ஐயத்தை எழுதட்டும், அடுத்த வாரம் அதைத் தீர்க்கத் தாங்களே வகுத்த சோதனையைச் செய்யட்டும்.

குழு என்றால் ஒருவர் உழைக்க மூவர் பெயர் போட்டுக்கொள்வார்கள் என்ற கவலையில் நியாயம் உண்டு. அதற்காகத் தனித்தனியாகச் செய்யவிட்டால், ஒருவர் எடுத்த ரீடிங்கை இன்னொருவர் கேள்வி கேட்கும் பழக்கமே வராது. ஆலையில் உயிர்காப்பது அந்தப் பழக்கம்தான். இயக்குபவர், அளப்பவர், கணக்கிடுபவர், பாதுகாப்பைப் பார்ப்பவர் என்ற பொறுப்புகளைச் சுழற்சியில் மாற்றலாம். வைவாவில் சூத்திரத்தைக் கேட்பதை விட்டு, “இந்த ரீடிங்கை ஏன் மறுபடி எடுத்தீர்கள், இதை ஏன் விட்டீர்கள்?” என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டால், யார் உழைத்தார் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.