முந்திப் பூத்தால் அதிர்ஷ்டமா?

பிப்ரவரி கடைசியில் ஜப்பான் போகிறேன் என்று சொன்னதும், எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். ‘ஐயையோ!’

‘ஏப்ரல்ல போங்க சார்... அப்பதான் சாகுரா. இப்பப் போய் மொட்டை மரத்தையா பார்க்கப் போறீங்க?’ என்றார் ஒரு நண்பர். அவர் ஜப்பான் போனதில்லை. அவருடைய சகலை போயிருக்கிறார்.

ஏப்ரல் டிக்கெட்டுக்கும் பிப்ரவரி டிக்கெட்டுக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்ததும், எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். எழுந்து உட்கார்ந்துவிட்டான். மொட்டை மரமே போதும் என்று 2023 பிப்ரவரி கடைசி வாரம் மனைவியோடு கிளம்பிவிட்டேன்.

டோக்கியோவில் மொட்டை மரம்தான். நண்பரின் சகலை பொய் சொல்லவில்லை. மூன்றாம் நாள், ஏதாவது கடலோரமாகப் போகலாமே என்று தெற்கே இஸு தீபகற்பத்துக்கு ரயில் ஏறினோம். இரண்டரை மணி நேரம். இடது பக்கம் முழுக்கக் கடல். கவாஸு என்று ஒரு சின்ன ஊரில் இறங்கினால்... ஆற்றின் இரண்டு கரையிலும் ரோஜா நிறத்தில் செர்ரி மரங்கள், கிளை தெரியாமல் பூத்து நிற்கின்றன. மரத்தடியில் கடுகுக்குச் சொந்தக்காரச் செடி ஒன்று மஞ்சளாகப் பூத்திருக்கிறது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட பச்சைக் குருவிகள் தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கின்றன. காற்றோ காதை அறுக்கிறது.

‘என்னங்க, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வசந்த காலம் பார்க்கிறோமே!’ என்றாள் மனைவி.

நானும் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில்கள் குவிந்தன. இரண்டே வகை.

ஒன்று: ‘செம லக் சார் உங்களுக்கு!’

இன்னொன்று: ‘எல்லாம் குளோபல் வார்மிங் சார். உலகம் அழியப்போவுது.’ கூடவே நாலு அழுகிற மஞ்சள் மூஞ்சி.

வாசகர்களே, இந்த வாரம் என் சண்டை இந்த இரண்டு கோஷ்டியோடும்தான். இரண்டு பேர் சொன்னதும் தப்பு. ஒரே காரணத்துக்காகத் தப்பு. இரண்டு பேருமே மரத்தைப் பார்க்கவில்லை, போட்டோவைத்தான் பார்த்தார்கள்.

கவாஸு மரத்தின் கதை இது. 1955-ல் அந்த ஊர்க்காரர் ஒருவர், ஆற்றங்கரைப் புதருக்குள் ஒரு செர்ரிக் கன்றைப் பார்த்துப் பிடுங்கி வந்து வீட்டு வாசலில் நட்டார். 1966-ல்தான் அது முதல் தடவை பூத்தது. மற்ற செர்ரி மரங்கள் தூங்கிக்கொண்டிருந்த குளிர்காலத்தில்! ஆராய்ந்தார்கள். ஓஷிமா செர்ரி என்கிற உள்ளூர் ஜாதியும், குளிரிலேயே பூக்கும் தெற்கத்தி ஜாதி ஒன்றும் தானாகக் கலந்து பிறந்தது என்று முடிவு கட்டினார்கள். 1974-ல் ஊர்ப் பெயரையே வைத்தார்கள். அதிலிருந்து ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, இன்றைக்கு ஊர் முழுக்கச் சுமார் 8,000 மரம். டோக்கியோவின் பிரபல சாகுரா ஒரு வாரம், பத்து நாளில் கொட்டிவிடும். இது கிட்டத்தட்ட ஒரு மாதம் நிற்கிறது. வருஷா வருஷம் பிப்ரவரியில் திருவிழா.

ஆகவே, எனக்கு அதிர்ஷ்டமும் இல்லை, மரத்துக்கு ஜுரமும் இல்லை. முந்திப் பூப்பது அதன் பிறவிக் குணம். பொங்கல் ரிலீஸ் படத்தைப் பொங்கலுக்குப் பார்த்துவிட்டு ‘என்ன லக்!’ என்று யாராவது சொல்வார்களா?

‘அப்போ குளோபல் வார்மிங் கிடையாதுங்கிறீங்களா?’ என்று இரண்டாவது கோஷ்டி சட்டையைப் பிடிக்கும். இருக்கிறது சார், நன்றாகவே இருக்கிறது. ஆனால், அதைக் கவாஸுவில் தேடாதீர்கள். கியோட்டோவில் தேடுங்கள்.

கியோட்டோவில் சாகா என்ற பேரரசர் பூ பார்க்க விருந்து வைத்தார். வருஷம் 812. நம்மூர்க் கணக்கில் காஞ்சிபுரத்தில் பல்லவர்கள் ஆண்டுகொண்டிருந்த காலம். அதிலிருந்து ராஜாக்கள், பிரபுக்கள், புத்த பிட்சுகள் என்று யார் யாரோ தங்கள் நாட்குறிப்பில், இன்றைக்குப் பூ முழுசாக மலர்ந்தது, விருந்துக்குப் போனோம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். யாசுயுகி அவோனோ என்ற பேராசிரியர் இந்தப் பழைய ஏடுகளையெல்லாம் குடைந்து, தேதிகளைப் பொறுக்கி ஒரே பட்டியலாக்கினார். நடுநடுவே விட்டுப்போன வருஷங்கள் உண்டு. ஆனாலும் 1,200 ஆண்டுப் பேரேடு! என் போன்ற காமர்ஸ்காரனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

அந்தப் பேரேடு என்ன சொல்கிறது? பல நூற்றாண்டுகளாக ஏப்ரல் நடுவாக்கில் முழுசாகப் பூத்துக்கொண்டிருந்த கியோட்டோ, 2021-ல் மார்ச் 26-ம் தேதியே பூத்துவிட்டது. அதற்கு முந்தைய ரெக்கார்டு 1409-ல், மார்ச் 27. ஏதோ ஒரு வருஷம் வெயில் அதிகம், அதனால் முந்திவிட்டது என்று தள்ளிவிடலாமா? கூடாது. இதை 2022-ல் வெளியான ஆய்வு ஒன்று அலசியது. மனிதன் கக்கிய புகையும் நகரத்தின் கான்கிரீட் சூடும் சேர்ந்து, கியோட்டோவின் பூக்காலத்தை ஒரு வாரத்துக்கும் மேலாக முன்னால் இழுத்திருக்கின்றன. 2021 மாதிரி முந்திப் பூப்பதற்கான வாய்ப்பு இப்போது 15 மடங்கு அதிகம் என்பது அதன் கணக்கு.

டோக்கியோவிலும் அதே கதை. வழக்கமான தேதி மார்ச் 24. நான் மொட்டையாகப் பார்த்துவிட்டு வந்த அதே 2023-ல் மார்ச் 14-ம் தேதியே பூத்துவிட்டதாக வானிலைத் துறை அறிவித்தது. 2020, 2021-லும் அதே மார்ச் 14. துறை 1953-ல் கணக்கு எழுத ஆரம்பித்ததிலிருந்து அவ்வளவு சீக்கிரம் பூத்த வருஷங்கள் அவைதாம்.

‘பூ பத்து நாள் முன்னாடி பூத்தா என்ன சார் குடி முழுகிப்போச்சு?’

முழுகும். செர்ரி மொட்டு முந்தின கோடையிலேயே உருவாகித் தூங்கப் போய்விடுகிறது. அதை எழுப்புவது வெயில் இல்லை, குளிர். சில வாரம் நல்ல குளிர் பட்டால்தான் தூக்கம் கலையும். அதற்குப் பிறகுதான் வெயிலுக்கு வேலை. குளிர்காலம் குளிராமல் போனால் மொட்டு சரியாக விழிக்காது. 2020-ல் வெகு தெற்கே இருக்கும் ககோஷிமாவைவிட டோக்கியோ முந்திப் பூத்தது இதனால்தான். சூட்டுக்குப் பழகிய ஊர் பின்தங்கியது, குளிர்ந்த ஊர் முந்தியது.

மரத்தையும் ஏமாற்றலாம். 2018-ல் புயல்கள் செர்ரி மரங்களின் இலைகளை அடித்துக்கொண்டு போயின. ‘தூங்கு’ என்று மொட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்த இலை போய்விட்டது. அக்டோபரில் வெயில் அடித்ததும், வசந்தம் வந்துவிட்டதென்று பல இடங்களில் பூத்துவிட்டது. அப்போதும் ஜனங்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கேயும் ‘லக்’ கோஷ்டி இருக்கிறது. அந்த மொட்டுகளுக்கு அடுத்த வசந்தம் கிடையாது. டெபாசிட்டை முதிர்வு தேதிக்கு முன்னால் உடைத்த கதை.

பூ வெறும் வேடிக்கை என்கிறவர்கள் யமகாட்டாவுக்குப் போகட்டும். ஜப்பானில் சாப்பிடும் செர்ரிப் பழம் அதிகம் விளைவது அங்கேதான். கியோட்டோ ரெக்கார்டு உடைந்த அதே 2021 வசந்தத்தில், யமகாட்டா மரங்களும் சூட்டை நம்பிச் சீக்கிரம் மொட்டு விட்டன. ஏப்ரலில் உறைபனி இறங்கியது. மொட்டு கருகி விளைச்சல் சரிந்தது. நாம் ‘வாவ்’ போட்ட அதே வசந்தம் ஒரு விவசாயியின் வருஷச் சம்பாத்தியத்தைக் கடித்துத் துப்பியது.

‘லக்’ கோஷ்டி மேல் எனக்கு இதனால்தான் கோபம். பயிருக்கு விழுந்த அடியை அவர்கள் பரிசு என்கிறார்கள். ‘வார்மிங்’ கோஷ்டி மேல் கோபம் வேறு மாதிரி. எதைப் பார்த்தாலும் அதே பாட்டு. கவாஸு மரத்தைப் பார்த்து அலறினால், நாளைக்குக் கியோட்டோ மரத்தைக் காட்டும்போது, ‘போய்யா, அன்னிக்கும் இப்படித்தான் சொன்னே’ என்று ஊர் சிரிக்கும். பொய் வழக்குப் போட்டு நிஜ வழக்கைத் தோற்கடிக்கிற வேலை அது.

இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரே வழி கணக்கு. அதே மரம், அதே இடம், வருஷா வருஷம். ஒரு வருஷம் குளிர் கூடினால் பிந்தும், மறு வருஷம் முந்தும். ஒற்றை வருஷம் ஒன்றும் சொல்லாது. முப்பது வருஷம் பொய் சொல்லாது. டோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தில் ஒரு மாதிரி மரம் வைத்திருக்கிறார்கள். வானிலைத் துறை அதிகாரி கோட்டு சூட்டோடு வந்து அண்ணாந்து பார்த்து எண்ணுகிறார். ஐந்தாறு பூ மலர்ந்திருந்தால்தான் ‘பூத்தது’ என்று அறிவிப்பு. நாலு என்றால் நாளைக்கு வருகிறேன் என்று போய்விடுவார். டி.வி. கேமராக்கள் காத்திருக்கும். எனக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. பொறாமையாக இருக்கிறது.

ஜப்பான்காரர்களை ஒரேயடியாகத் தூக்கி வைக்கவும் நான் தயாராக இல்லை. அதே வானிலைத் துறை 34 தாவரங்களையும் 23 உயிரினங்களையும் கவனித்துத் தேதி எழுதிக்கொண்டிருந்தது. வானம்பாடி முதலில் பாடிய நாள், மின்மினி தெரிந்த நாள், சில்வண்டு கத்திய நாள். 2021-லிருந்து வெறும் ஆறு தாவரங்கள்தாம். உயிரினக் கணக்கு அத்தனையும் மூடப்பட்டது. நகரம் வளர்ந்துவிட்டது, ஆபீஸைச் சுற்றி அவை கண்ணில் படுவதில்லை என்று காரணம் சொன்னார்கள். கடையில் சரக்கு குறைகிறது என்று ஸ்டாக் ரிஜிஸ்டரைக் கிழித்துப் போடுவார்களா? குறையும்போதுதானே எழுத வேண்டும்! டூரிஸ்ட் வருகிற சாகுரா பிழைத்தது. டூரிஸ்ட் வராத சில்வண்டு செத்தது. பிறகு சுற்றுச்சூழல் அமைச்சகமும் தேசிய ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, பொதுமக்களைக் கூப்பிட்டு விட்ட இடத்திலிருந்து எழுதச் சொன்னது ஆறுதல்.

‘பூவைப் பார்த்தோமா, ரசிச்சோமான்னு இல்லாம, கணக்குப்பிள்ளை மாதிரி பேசறீங்களே’ என்று ஒரு வாசகி கடிதம் எழுதுவார். எனக்குத் தெரியும். அம்மா, கியோட்டோ பேரேட்டை எழுதியவர்கள் கணக்குப்பிள்ளைகள் இல்லை. குடித்துக் கவிதை பாடி ரசித்தவர்கள். ரசித்ததால்தான் தேதி போட்டார்கள். மனசுக்குப் பிடித்த நாளைத்தானே நாம் குறித்து வைக்கிறோம்?

‘அதான் செல்போன் போட்டோவுல தேதி இருக்கே’ என்பவருக்கும் ஒரு வார்த்தை. பில்லையெல்லாம் ஒரு மஞ்சப்பையில் திணித்து வைத்தால் அது கணக்கு ஆகாது. ஆயிரம் ஊரின் ஆயிரம் மரத்துப் போட்டோவும் அப்படித்தான்.

கவாஸுவில் நாங்கள் தங்கிய விடுதியில் ஒரு வயதான அம்மா. சமையல்கட்டு வாசலில் தினசரி காலண்டர். அதில் ஜனவரியில் ஒரு கட்டத்தில் இளஞ்சிவப்புப் பேனாவால் சின்னதாக ஒரு பூ. என்ன என்று கையால் கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரத்தைக் காட்டினார். அப்புறம் மேஜைக்கடியிலிருந்து பழைய காலண்டர்களை இழுத்துப் போட்டார். எல்லாவற்றிலும் ஒரு பூ. எல்லாம் வேறு வேறு தேதி. அவர் எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. பேனா விலை நம்மூர்க் காசில் இருபது ரூபாய் இருக்கும்.

நம் வீட்டுச் சமையல்கட்டிலும் காலண்டர் தொங்குகிறது. பால் வராத நாள், சிலிண்டர் மாற்றிய நாள் எல்லாம் அதில் உண்டு. கோயில் விளக்குக்கு 90 ஆடு விட்டதைக் கல்லில் வெட்டி வைத்த பரம்பரை நாம். ஆனால், உங்கள் தெரு வேப்ப மரம் போன வருஷம் என்றைக்குப் பூத்தது? பச்சடிக்குப் பூ பொறுக்கினீர்களே, தேதி சொல்லுங்கள் பார்ப்போம். தெரியாதல்லவா? எனக்கும் தெரியாது. தெரியாமலேதான் இரண்டு பேரும், ‘இப்பல்லாம் சீசனே மாறிப்போச்சு’ என்று டீக்கடையில் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு மரம். பூத்த அன்று காலண்டரில் ஒரு புள்ளி வையுங்கள். டிசம்பர் முடிந்ததும் காலண்டரைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். அதற்கப்புறம் ‘லக்’ என்றோ ‘வார்மிங்’ என்றோ என்னிடம் வந்து சொல்லுங்கள். உட்கார்ந்து கேட்கிறேன்.