மரம் நட வராதீங்க, பருந்து எண்ண வாங்க

புரட்டாசி, ஐப்பசி வந்தாச்சுன்னா ரெண்டு கூட்டம் எங்க பக்கம் வரும். ஒண்ணு வானத்துல வர்ற கூட்டம், இன்னொண்ணு வேன்ல மரக்கன்னோட வர்ற கூட்டம். ரெண்டாவது கூட்டத்துக்கிட்டதான் எனக்கு வழக்கு.

எங்க ஊர் கரிசக்காடு. கம்மாயோட மேல்பக்கம், தண்ணி ஏறி இறங்குற இடத்துல, கோரையும் புல்லுமா கிடக்கு. மழைக்குச் சதசதன்னு இருக்கும், கோடையில காஞ்சு மஞ்சளாயிரும். அதை ஒட்டின மேட்டுப் புல்லுக்கு வருவாய்த்துறை கணக்குல 'தீர்வை ஏற்படாத தரிசு'ன்னு பேரு. தரிசுங்கற சொல்லைப் பாத்ததும் உங்களுக்கு மனசு பதறுது. உடனே குழி தோண்டி ஆயிரம் கன்னு நட்டு போட்டோ எடுத்துட்டுப் போறீங்க.

அந்தப் புல்லுக்குள்ள யார் படுத்திருக்காங்கன்னு ஒருநாளாவது பாத்தீங்களா?

பூனைப்பருந்து. சேத்துப் பூனைப்பருந்து, மாண்டேகு பூனைப்பருந்து, வெளிறிய பூனைப்பருந்துன்னு மூணு ரகம் வருது. கஜகஸ்தான், ரஷ்யா பக்கத்துப் புல்வெளியில பொறந்து, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, பங்குனி வரைக்கும் இங்க தங்குற பறவை. வெளிறிய பூனைப்பருந்து உலக அளவுலயே அருகி வர்றதா பட்டியல்ல இருக்கு. இதுக ராத்திரி மரத்துல அடையுறதில்ல. புல்லுக்குள்ள, வெறுந்தரையில, கூட்டமாத்தான் படுக்கும். நாலு பக்கமும் வெட்டவெளியா இருக்கணும். அங்க நீங்க மரம் நட்டா அதுக்கு வீடு கட்டிக் குடுத்ததா அர்த்தமில்ல, படுக்கையைச் சுருட்டி வெளியே எறிஞ்சதா அர்த்தம்.

பகல்ல இது எங்க உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளக் காட்டுக்கு மேல தாழப் பறந்து வெட்டுக்கிளியையும் எலியையும் தின்னுது. கூலி கேக்கல. கோழிக்குஞ்சு தூக்குற கள்ளப்பருந்து வேற, இது வேற.

"மரம் நடுறது தப்பா அண்ணாச்சி?"ன்னு கேப்பீங்க. இடம் பாத்து நட்டா தப்பே இல்ல. கம்மாக் கரையில பனை நடுங்க, மந்தையில வேம்பு நடுங்க, தண்ணி ஊத்த ஆள் வச்சுட்டுப் போங்க. ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. சீமைக்கருவேலத்தைக் கொண்டு வந்தவங்களும் வறட்சியில விறகுக்கு ஆகும்னு நல்ல எண்ணத்துலதான் கொண்டு வந்தாங்க. அதை வெட்டி மாளாம இன்னைக்கு வரைக்கும் நாங்க கிடந்து அல்லாடுறோம். நல்ல எண்ணம் மட்டும் போதாது.

பறவைக் கணக்கெடுப்புன்னா பெரும்பாலும் பொங்கலை ஒட்டித்தான் நடக்குது. நடக்கட்டும், நல்லதுதான். ஆனா தை மாசம் மட்டும் எண்ணினா, ஐப்பசியில வந்து இறங்கிப் பாத்துட்டு இடம் சரியில்லைன்னு போனது எத்தனைன்னு எப்படித் தெரியும்? ரெண்டு மாசமும் ஒரே இடத்துல எண்ணினாத்தான் கணக்கு பேசும்.

எண்ணுறது பெரிய வித்தையில்ல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து கரையில சத்தமில்லாம உக்காருங்க. புல்லுல இறங்குறதுக்கு ஒரு கோடு, எந்திரிச்சுப் போறதைக் கழிச்சிருங்க. கண்ணு தெரியாத இருட்டு வந்ததும் நிப்பாட்டுங்க. இறங்குறதுக்கு முன்னால சுத்திச் சுத்தி வரும், அதனால ஒண்ணையே ரெண்டு தடவை எண்ணிராதீங்க. கூடவே ஊசிவால் வாத்து, உள்ளான், தகைவிலான் எல்லாத்தையும் எழுதுங்க. டார்ச், டிரோன் வேண்டாம். புல்லுக்குள்ள காலே வைக்காதீங்க. வீட்டுக்குப் போய் ஈபேர்டுல ஏத்திருங்க. எங்களுக்கு இருட்டுறதுக்குள்ள மாட்டைப் பிடிச்சுக் கட்டணும், கம்ப்யூட்டர்ல ஏத்த ஆளில்ல. உங்களுக்கு அது கையில இருக்கு.

நாளைக்கு ஒருத்தர் ஃபைலோட வந்து "இது சும்மா கிடக்குற தரிசுதானே"ன்னு கேட்டா, நான் வாயால சொல்றது எடுபடாது. தேதி போட்ட கணக்கு இருந்தா எடுபடும். கன்னுக்குச் செலவழிக்குற காசுல ஒரு பைனாகுலர் வாங்குங்க. ஐப்பசி முடியறதுக்குள்ள வாங்க.