மொறிஸ் பப்போனும் பிரான்சின் நீண்ட மௌனமும்

1961 ஒக்டோபர் 17 இல் பாரிஸ் நகரில் அல்ஜீரியர்கள் கொல்லப்பட்டமையைக் கண்டிக்கும் தீர்மானமொன்றைப் பிரெஞ்சுத் தேசிய சபை 2024 மார்ச் 28 இல் நிறைவேற்றியது. ஆதரவாக 67 வாக்குகள், எதிராக 11 வாக்குகள். 577 ஆசனங்களைக் கொண்ட சபையில் ஏனையோர் எங்கே போயினர் என்று கேட்கத் தோன்றுகிறது. அக்கொடூரம் மொறிஸ் பப்போனின் அதிகாரத்தின் கீழ் நிகழ்ந்ததெனத் தீர்மானம் பெயர் குறித்தே கூறுகிறது.

எமது அரசாங்க அதிபர் பதவியை ஓரளவு ஒத்தது பிரான்சின் பிரிபெக்ட் பதவி. மக்களால் தெரிவு செய்யப்படாது அரசினால் நியமிக்கப்படும் இவ்வதிகாரியே மாவட்டத்தில் அரசின் பிரதிநிதி. ஜேர்மனியருடன் ஒத்துழைத்த விஷி அரசின் கீழ், 1942 முதல் 1944 வரை போர்தோ நகரில் அத்தகைய பணிமனையொன்றின் செயலாளர் நாயகமாகப் பப்போன் கடமையாற்றினார். அக்காலத்தில் குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 1,600 யூதர்கள் அங்கிருந்து டிரான்சி முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலானோரின் முடிவு அவுஷ்விட்ஸில் நேர்ந்தது.

நாடு விடுதலையடைந்த பின்னரும் பப்போன் பதவியிழக்கவில்லை. கோர்சிக்கா, அல்ஜீரியாவின் கொன்ஸ்தந்தீன், மொறோக்கோ என உயர்பதவிகள் தொடர்ந்தன. 1958 இல் பாரிஸ் பொலிஸ் துறையின் தலைவரானார். 1961 ஒக்டோபரில் அல்ஜீரிய முஸ்லிம்களுக்கு மாத்திரம் இரவுநேர ஊரடங்கை அறிவித்தவரும் அவரே. அதனை எதிர்த்து அமைதியாக ஊர்வலம் சென்றவர்கள் தாக்கப்பட்டனர், சுடப்பட்டனர், சிலர் செய்ன் நதியில் வீசப்பட்டனர். பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாகினர். அரசு ஒப்புக்கொண்ட மரணங்கள் மூன்று. வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடுகளோ பல பத்துகளிலிருந்து இருநூறுக்கு மேல் வரை செல்கின்றன.

1978 இல் அவர் வரவு செலவுத் திட்ட அமைச்சரானார். 1981 மே மாதம், ஜனாதிபதித் தேர்தலின் இரு சுற்றுகளுக்கும் இடையில், போர்தோ ஆவணங்களை ஒரு வார இதழ் வெளியிட்டது. அதன்பின் வழக்கு விசாரணைக்கு வருவதற்கே 1997 ஆகிவிட்டது. தாம் மேலிடத்துக்குக் கட்டுப்பட்ட அதிகாரி மாத்திரமே என்று அவர் வாதாடினார். மானிடத்துக்கெதிரான குற்றங்களுக்கு உடந்தையாக இருந்தமைக்காக 1998 இல் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1999 இல் சிறை சென்றவர் உடல்நிலை காரணமாக 2002 இல் விடுதலையாகி, 2007 இல் மரணமானார்.

இவ்விடயத்தில் நாம் மிக முக்கியமாகக் கருதுவது 2002 ஏப்ரலில் பிரான்சின் அதியுயர் நிர்வாக நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையே. பாதிக்கப்பட்டோருக்குரிய நட்டஈட்டின் அரைப்பங்கை அரசே செலுத்த வேண்டுமென அது கூறியது. குற்றம் தனிமனிதனுடையது மாத்திரமல்ல, அவனை இயக்கிய நிர்வாகத்தினதும் ஆகும் என்பதே அதன் பொருள். விஷி அரசு பிரான்சே அல்ல என்று அரை நூற்றாண்டாகக் கூறப்பட்டுவந்த சமாதானம் அத்துடன் சட்டத்தின் முன் செல்லாக்காசாயிற்று.

அல்ஜீரியர்களுக்கோ இந்த அளவு நீதிகூடக் கிட்டவில்லை. 1962 பொதுமன்னிப்பு அவ்வழியை அடைத்துவிட்டது. வரலாற்றாய்வாளர் ஜோன் லுக் ஐனோடி மீது பப்போன் தாமே தொடுத்த அவதூறு வழக்கில் அந்த இரவு நீதிமன்றத்தில் அலசப்பட்டது. 1999 இல் அவ்வழக்கில் அவர் தோற்றார். ஆனால் ஐனோடிக்குச் சார்பாகச் சாட்சியமளித்த ஆவணக்காப்பக அதிகாரிகள் இருவரும் அதன்பின் பல வருடங்கள் தத்தமது பணியில் ஓரங்கட்டப்பட்டனர்.